நாணயங்கள் பேரனுக்கு: டைரியில் எழுதினால் போதுமா?

கேள்வி: வயது 72, ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், திருச்சி. நாற்பது வருடமாக என் சம்பளத்தில் நாணயம் சேர்த்தேன். ராஜராஜன் காசு, கம்பெனி காசு, ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய், ராஜா தலை பவுன் எல்லாம் உண்டு. மகன்கள் இருவரும் ‘பித்தளைக் கடை’ என்று கேலி செய்தவர்கள். மூத்தவன் என் அறைக்குள் வந்தே வருடக்கணக்காகிறது. இளையவன் அமெரிக்காவிலிருந்து, ஞாபகத்துக்கு நாலு சோழக் காசு வேண்டும் என்கிறான். உண்மையான ஆர்வம் மகள் வயிற்றுப் பேரனுக்குத்தான் (15 வயது). எல்லாம் அவனுக்கே என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. யார் கேலி செய்தார், யாருக்கு ஆர்வம் என்பதெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாத சங்கதி. டைரியில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து உண்டா? இல்லையென்றால் அது உயில் ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரு மகன்கள், மகள் நால்வருக்கும் சம பங்கு போகும். மகள் உயிரோடு இருக்கையில் பேரனுக்குச் சல்லிக்காசு வராது.

சரி, உயில் எழுதிவிடுவீர்கள். என் பயம், அதில் வரப்போகும் ‘என் நாணயச் சேகரிப்பு முழுவதும்’ என்ற வரியைப் பற்றித்தான். இந்த வரியை எழுதிவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள்தான் என்னிடம் கேஸ் கட்டோடு வருகிறார்கள். ராஜராஜன் காசுக்கு யாரும் சண்டை போடுவதில்லை. பவுனுக்குப் போடுவார்கள். அது சேகரிப்பா, வீட்டுத் தங்கமா? பூஜை அறையில் உங்கள் மனைவி வைத்திருக்கும் வெள்ளி ரூபாய் யாருடையது? ஆல்பத்தில் எத்தனை இருந்தது என்பதையாவது யார் நிரூபிப்பது? ஆகவே ஒவ்வொன்றுக்கும் இருபுறப் படம், எடை, இருக்கும் இடம் என்று பட்டியல் போட்டு உயிலோடு இணையுங்கள். தங்கம், வெள்ளியைத் தனியாகக் குறியுங்கள்.

லாக்கரில் வைத்திருந்தால் நாமினி யார் என்று இன்றே பாருங்கள். நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், ஆனால் பொருள் முதலில் அவர் கைக்குத்தான் போகும். வங்கி எடுக்கும் பட்டியலில் ‘நாணய ஆல்பம் 1’ என்று மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று பேரன் எப்படிக் காட்டுவான்?

கேட்கப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: பவுன்களை மகன்களுக்கே எழுதிவிடுங்கள். நியாயமா என்றால், இல்லை. நாலு பவுனுக்காகப் பேரன் கல்லூரி முடிக்கும்வரை கோர்ட் படி ஏறுவதைவிட மேல். மற்றதை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கையில் ஒப்படைத்தாலே தானம் செல்லும், பதிவு தேவையில்லை. பையன் மைனர் என்பதால் அவன் அப்பா பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் பீரோவிலேயே பூட்டி வைத்தால் கொடுத்ததாக ஆகாது. நிறைய பேர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

அப்புறம், அந்த அமெரிக்க விஷயம். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது. தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதம் சிறை. 1918-ல் அடித்த ஜார்ஜ் ரூபாய்கூட இப்போது அந்தக் கணக்கில்தான். இளையவர் ஊருக்கு வரும்போது படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.