முதலில் யாருக்குப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 33, திருமணமாகி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு 37 வயது. லாரி ஓட்டுநரான அவர் வடமாநில லோடு ஏற்றிச் சென்றால் வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். எனக்கு மாதவிடாய் 30 நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது. ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே எதிலும் குறை இல்லை. கணவருக்கு மட்டும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. "மூத்தவனுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கின்றன, எங்கள் வம்சத்தில் அப்படியொரு குறை கிடையாது" என்கிறார் மாமியார். மதுரையில் ஒரு மருத்துவமனையில் நேராக டெஸ்ட் டியூப் முறைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது நாள்கணக்கு. ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், அல்லது பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது, ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தம்பதியரை மனத்தில் வைத்துத்தான். 30 நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 16ஆம் நாள் வெளிவரும். அது ஒரு நாளுக்கு மேல் தாங்காது, விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே 11 முதல் 16 வரையிலான நாட்களே உங்களுக்கு முக்கியம். அந்த நாட்களில் லாரி நாக்பூரில் நின்றிருந்தால், இரண்டரை ஆண்டு என்பது உண்மையில் எத்தனை மாதம் என்று நாட்காட்டியை வைத்து இருவரும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது விந்துப் பரிசோதனை. கருக்குழாய் எக்ஸ்ரேக்கு நீங்கள் பட்ட வலியில் ஒரு துளியும் இல்லாத, சில நூறு ரூபாயில் முடிகிற இந்தப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது நம் வீடுகளின் வழக்கம். எனக்கு அதில் கோபம் உண்டு. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் தரப்பிலும் காரணம் இருக்கிறது. அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள் இருப்பது தம்பியின் விந்தணுவைப் பற்றி எதையும் சொல்லாது. ஆண்மை வேறு, அணுக்களின் எண்ணிக்கை வேறு என்பதையும் உங்கள் கணவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். பல ஆண்கள் தயங்குவது அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்களும், அவற்றில் 42 சதவீதம் அசைவும் கீழ்வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. குறைந்திருந்தால் ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்காமல் மீண்டும் பார்க்க வேண்டும். அணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், புகையிலையை இன்று விட்டால் பலன் அதற்குப் பிறகே தெரியும். நெடுநேரம் சூட்டில் உட்கார்ந்திருப்பதும் விந்தணுவுக்கு நல்லதல்ல. விதைப்பையில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

குறை லேசானதென்றால், குழாய்கள் திறந்திருக்கும் உங்களுக்கு, விந்தணுவைச் சுத்திகரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ முறையை முதலில் முயலலாம். எண்ணிக்கை மிகக் குறைவென்றால் மட்டுமே, ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி உள்ளிட்ட டெஸ்ட் டியூப் முறைக்கு நேரடியாகப் போவது நியாயம். அப்போதும் அந்த மையம், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு அரசு இராசாசி மருத்துவமனைக்கே போகலாம். இருவர் பெயரிலும் சீட்டு எழுதித் தரச் சொன்னால் கணவரை அழைத்துச் செல்வது எளிது.

திருப்பரங்குன்றத்தில் சஷ்டி விரதம் இருக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக இருங்கள், மருத்துவர் தந்த ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் அந்த ஆறு நாட்களும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: விந்துப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்தே மாதிரி கொண்டுவரலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே ஆய்வகத்தில் சேர்க்க முடிந்தால் கொண்டுவரலாம். மேலூரிலிருந்து பேருந்தில் மதுரை வந்து சேர்வதற்குள் அந்த நேரம் வழியிலேயே கழிந்துவிடும் என்பதால், ஆய்வகத்தில் உள்ள தனியறையிலேயே கொடுப்பது நல்லது. இரண்டு நாட்களுக்குக் குறையாமலும் ஏழு நாட்களுக்கு மேற்படாமலும் உறவைத் தவிர்த்துவிட்டு வாருங்கள்.