நாயின் பக்கவாட்டு நகத்தை அகற்ற வேண்டுமா?

காலின் உட்புறத்தில், தரையில் படாமல் சற்று மேலே இருக்கும் விரலின் நகம் இது. முன்காலில் இருப்பது நம் பெருவிரல் மாதிரி. எலும்பும் தசைநாரும் உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓடும் நாய் சட்டென்று திரும்பும்போது அந்த விரல் மணலில் ஊன்றும். எலும்பைக் கடிக்கையில் இறுக்கிப் பிடிப்பதும் அதனால்தான். ஆரோக்கியமாக இருப்பதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பின்காலில் இருந்தால் கதை வேறு. பல நாய்களுக்கு அது வெறும் தோலில் தொங்கும், எங்காவது மாட்டிக் கிழியும். அடிக்கடி காயப்பட்டால், கருத்தடைக்கு மயக்கமருந்து கொடுக்கும்போதே சேர்த்து எடுக்கலாமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மற்றபடி, தரையில் தேயாத நகம் வளைந்து சதைக்குள் இறங்கும்; பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டால் சரி.

அப்புறம், அகற்றுவது என்றால் நகத்தை மட்டும் எடுப்பதல்ல, விரலையே வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை.