கர்நாடக இசைக் குடும்பத்தில் பிறந்தவர் பங்க் ராக் டிரம்மர் ஆனால் வீட்டுக்கு அவமானமா?

உங்கள் வீட்டில் எல்லாரும் கச்சேரிக்காரர்கள், நீங்கள் மட்டும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து "என்ன இரைச்சல் இது" என்று திட்டு வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கியவன்தான்.

வீட்டாரிடம் அமெரிக்க டிரம்மர் ஜோஷ் ஃப்ரீஸைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் அப்பா ஸ்டான் ஃப்ரீஸ் டியூபா என்ற பெரிய ஊதுகருவிக் கலைஞர், டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவின் பேண்டை நடத்தியவர். அம்மா பியானோ. தம்பி ஜேசன் கிரீன் டே என்ற ராக் குழுவோடு கீபோர்டும் சாக்ஸபோனும் வாசிக்கிறார். ஜோஷ் 12 வயதில் அதே டிஸ்னிலேண்டில் சம்பளத்துக்கு வாசித்தார். 20 வயதாகும் முன்பே த வேண்டல்ஸ் என்ற பங்க் குழுவில், அதாவது வேகமும் இரைச்சலுமான ராக் வாசிக்கும் குழுவில் இடம். அப்புறம் டீவோ, கன்ஸ் அன்ட் ரோசஸ், எ பர்ஃபெக்ட் சர்க்கிள், நைன் இன்ச் நெயில்ஸ் என்று பல ராக் குழுக்கள். எவனெசன்ஸ் குழுவின் 2003 ஆல்பத்தில் கேட்பதும் அவர் கைதான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிப்பவர் எப்படி பங்க் ஆவார் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேண்டல்ஸை அவர் விடவே இல்லை, அது போதும் எனக்கு. அப்பாவை எதிர்த்து அவர் டிரம்ஸுக்குப் போகவில்லை. அப்பா செய்த தொழிலையே வேறு வாத்தியத்தில் செய்தார்.

என் அப்பா தவில்காரர். கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து பங்க் வாசித்தோம். ஆண்டு விழாவுக்கு அப்பா சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் அரைமணி நேரம் பேச்சே இல்லை. இறங்கும்போதுதான் சொன்னார்: "இடது கை இழுக்குதுடா. மூணாவது பாட்டுக்கு மேல பின்னால விழுது."

சரியாகச் சொன்னார். தவிலில் இடது கைதான் குச்சி பிடிக்கும், வலது கை விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள். டிரம்ஸில் ஸ்நேர் என்ற முக்கிய டிரம்மை நான் அடிப்பதும் இடது கையில்தான். மறுநாள் விடியற்காலை தன் பூவரசங் குச்சியை என் இடது கையில் கொடுத்து, அரிசி மூட்டை மேல் தகதிமியை நான்கு காலத்தில் அடிக்க வைத்தார். மூட்டையில் குச்சி எகிறாது, ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டே தூக்க வேண்டும். பங்க் வேகத்துக்கு என் கை அங்கேதான் பழகியது. பாட்டு அவருக்குப் பிடித்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தவர்களுக்குக் கடைசிப் பந்தியில், ரசம் மட்டும் மிஞ்சியபோது இலை போடுவார்கள். ஒரு வீட்டில் தேதி உறுதி சொல்லிவிட்டு, முதல் நாள் வேறு குழுவை வைத்துக்கொண்டார்கள். காரணம் கேட்க அப்பா போகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜோஷுக்கும் அப்படி ஒன்று நடந்தது. ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழுவின் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022இல் இறந்தபின், 2023இல் அந்தக் குழு ஜோஷைச் சேர்த்தது. 2025 மே மாதம் காரணம் சொல்லாமல் நீக்கியது. சில மாதங்களிலேயே பழைய நைன் இன்ச் நெயில்ஸ் அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பாட்டு முழுசாக வாசித்துக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், எந்தக் கை இழுக்கிறது என்று கேளுங்கள்.