பேனரும் பெருமையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். என் தம்பி தன் முதல் கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் வெளியிட்டிருக்கிறான். தெருமுனையில் வைத்த பேனரில் தன் பெயருக்கு முன்னால் ‘கவிச்சுடர்’ என்று அவனே பட்டம் போட்டுக்கொண்டான். கேட்டால், “தன்னம்பிக்கை இல்லாதவர்கள்தான் அடக்கம் பேசுவார்கள்” என்கிறான். தன்னம்பிக்கை எங்கே முடிகிறது, தற்பெருமை எங்கே தொடங்குகிறது?

– ர.

அன்புள்ள ர.,

செய்த வேலை நன்றாக வந்திருந்தால் அதை நன்று என்று சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். தம் மரத்துச் சுளைக்கு ஈடே கிடையாது என்று கூசாமல் சொல்வார். சொன்ன கையோடு விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து, நடுத்தண்டை அரிந்து தள்ளிவிட்டு, ஒரு சுளையை உங்கள் கையில் வைத்தும்விடுவார். தின்றுவிட்டுச் ‘சப்பென்று இருக்கிறதே’ என்று நீங்கள் சொல்வதற்கும் அதில் இடம் இருக்கிறது. அவர் பெருமைக்குப் பழம் பிணை நிற்கிறது. தற்பெருமைக்காரர் அப்படி எதையும் பிணை வைப்பதில்லை; பிறர் வியக்கும்வரை நிறைந்திருப்பார், வியக்காதவரைப் பொறாமைக்காரர் என்பார்.

அடக்கம் பற்றித் தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தம் பாடல்களை அச்சேற்றும் முயற்சி நடந்தபோது, ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவது தமக்குச் சம்மதமில்லை என்றும், அது ஆரவாரத்துக்கு அடுத்த பெயராகத் தோன்றுகிறது என்றும் வள்ளலார் அன்பர் ஒருவருக்கு எழுதினார். 1867இல் திருவருட்பா வெளிவந்தது. அதே ஆண்டில்தான் வடலூரில் தருமச்சாலையையும் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது நம் பக்கத்துக்காரர் எல்லோரும் அறிந்தது. ஊரார் பசியைத் தீர்க்கத் துணிந்து அடுப்பு மூட்டிய ஒருவரைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று யாரால் சொல்ல முடியும்?

எதிர்ப்பக்கத்து உதாரணம் உங்கள் ஊரிலேயே, கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்கிறது. 1750இல், பிரெஞ்சுக்காரரை எதிர்த்த ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்ட பிறகு, அந்த வெற்றியின் நினைவாகப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்ஸ் தன் பெயரில் ஓர் ஊரும் ஒரு தூணும் எழுப்ப முற்பட்டார். 1752இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கிளைவ் அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினார். துப்ளெக்ஸ் செய்தது வெறும் வீம்பு என்று நான் சொல்ல மாட்டேன். படாடோபமும் ஒரு படைபலமாக எண்ணப்பட்ட காலம் அது. அதனால்தான் கிளைவும் வேலை மெனக்கெட்டு இடித்தார். 1754இல் திருப்பி அழைக்கப்பட்ட துப்ளெக்ஸ், 1763இல் பாரிசில் வறுமையில் இறந்தார். இப்போது நிற்கும் சிலை 1870இல் மற்றவர்கள் வைத்தது.

பேனரைப் பற்றி இனித் தம்பியிடம் பேச வேண்டாம். தொகுப்பைப் படித்து, பிடித்த கவிதை ஒன்றையும் தேறாத கவிதை ஒன்றையும் எடுத்துச் சொல்லுங்கள். தேறாததற்காக வரிவரியாக வாதாடினால் அவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவிதையை விட்டுவிட்டு உங்கள் பொறாமையைப் பற்றிப் பேசினால் உங்கள் சந்தேகம் சரிதான். உங்கள் கடிதத்திலும் அந்தக் கவிதைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன்.