66ஏ என்று மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட ரோடு முதல் மழையிலேயே பெயர்ந்துவிட்டது. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, ‘கவுன்சிலர் கமிஷன் அடித்ததால் வந்த வினை’ என்று எழுதினேன். ‘66ஏ பிரிவில் புகார், விசாரணைக்கு வரவும்’ என்று வாட்ஸ்ஆப்பில் தகவல் வந்திருக்கிறது. ஸ்டேஷனில் ஆள் தெரியும் என்கிற ஒருவர், 15,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் பயப்படும் அந்தப் பிரிவே இப்போது இல்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் அடியோடு ரத்து செய்துவிட்டது. ஒன்றைப் பற்றிப் பேசுவது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, குற்றம் செய்யத் தூண்டிவிடுவது வேறு. தூண்டிவிடும் கட்டம் வந்தால்தான் அரசு பேச்சில் கை வைக்கலாம் என்றது தீர்ப்பு.

அதற்குப் பிறகும் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ‘இதன் கீழ் யார் மேலும் வழக்கு நடத்தக் கூடாது’ என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே மறுபடி உத்தரவு போட வேண்டிவந்தது. டெல்லியில் சொன்ன தீர்ப்பு ஸ்டேஷன் ரைட்டரின் மேஜைக்கு வந்துசேர ஏழு வருடம் போதவில்லை என்றால், சாதாரண ஜனங்கள் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்கள்?

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வழக்கு பெரும்பாலும் வழக்கே இல்லை. யாரோ கொடுத்த ஒரு பெட்டிஷன், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ஒரு சி.எஸ்.ஆர் ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர் போட்டிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். போலீஸ் முன் ஆஜராகச் சொல்லும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில், கையில் வந்தால் கட்டாயம் போங்கள், ஒரு வக்கீலோடு போங்கள். ‘ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார்’ என்று வெள்ளைத்தாளை நீட்டுவார்கள். அதில் எழுதும் மன்னிப்பு, நாளைக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். எழுதாதீர்கள்.

சரி, உங்களுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, வேறு பக்கத்தில். கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016-இல் இதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது இன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை தண்டனை. இதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது. கவுன்சிலர்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘ரோடு ஒரு மழைக்குத் தாங்கவில்லை, வேலை மோசம், கவுன்சிலர் கவனிக்கவில்லை’ என்பது பதவியில் இருப்பவரின் வேலையைப் பற்றிய கருத்து. நல்லெண்ணத்தோடு சொன்னால் சட்டமே காப்பாற்றும். ‘கமிஷன் அடித்தார்’ என்பது கருத்து இல்லை, குற்றச்சாட்டு. அது உண்மை என்றும், பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உண்மை மட்டும் போதாது. ‘ஊரே பேசுகிறது’ என்பதும், ‘வந்ததை ஃபார்வர்டுதான் செய்தேன்’ என்பதும் எடுபடாது. ஃபார்வர்டு செய்வது வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

பதிவு முழுவதையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கமிஷன் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். படங்கள் இருக்கட்டும். அப்புறம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஆர்.டி.ஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) அந்த ரோட்டின் எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை செ.மீ. கனம் போட்டதாக எம்-புக்கில் எழுதியிருக்கிறதோ அதையும், தெருவில் நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அடுத்த பதிவை எழுதுங்கள்.