“அம்மாவிடம் சொல்லாதே”

வணக்கம் மேடம்.

கணவர் துபாயில் வேலை செய்கிறார். மகனின் படிப்புக்காகப் போன ஜூனில் தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவைக்கு வந்தோம். பதினொன்றாம் வகுப்பு, 16 வயது. ஊரில் தமிழ் மீடியம், இங்கே எல்லாரும் இங்கிலீஷ் மீடியம். யாரோடும் ஒட்டவில்லை. சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கேம்தான். அதில் ஓர் ‘அண்ணன்’ பழக்கமானார். கேமில் செலவழிக்கிற டைமண்ட் எல்லாம் அவரே வாங்கிக் கொடுத்தாராம். யாரோ காலேஜ் பையன் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் என் கணக்கிலிருந்து 4,000 ரூபாய் போயிருந்தது. அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தால், “அந்த போட்டோவை உன் கிளாஸ் குரூப்பில் போடவா? அம்மாவிடம் சொல்லாதே” என்று இருக்கிறது. கோபத்தில் அடித்துவிட்டேன். போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. “இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சாப்பிட்டியான்னு கேட்டது அவர் ஒருத்தர்தான்” என்று அழுகிறான். போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடுமோ? அவன் அப்பாவிடம் சொல்லவும் பயம்.

— பெயர் வேண்டாம், கோவை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். தினமும் சமைத்துப் போடுகிறவர் நீங்கள்தானே! ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஆள் உண்மையாகவே கேட்டிருப்பான். அவன் தொழிலுக்கு முதலீடே அந்தக் கேள்விதான். முதலில் அக்கறை, அப்புறம் டைமண்ட், அப்புறம் யாரும் பார்க்காத வேறொரு செயலியில் பேச்சு, “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்று ஒரு ரகசியம், ஓர் அந்தரங்கப் போட்டோ. பெரும்பாலும் இப்படித்தான் போகும். மிரட்டல் கடைசியில்தான் வரும். அதற்குள் “வீட்ல தெரிஞ்சா அடிப்பாங்க” என்று பலமுறை சொல்லி வைத்திருப்பான். நீங்கள் அடித்ததும் அவன் சொன்னது பலித்துவிட்டது.

ஆகவே இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, “அடிச்சது என் தப்புப்பா. மிரட்டுறவன்தான் குற்றவாளி, நீ இல்லை” என்று சொல்லுங்கள். எதுவும் கேட்காதீர்கள். அவனாகப் பேச இரண்டு நாள் ஆகலாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னால் மட்டும் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

போனில் எதையும் அழிக்க வேண்டாம். பிளாக் செய்வதற்கு முன் மிரட்டல் செய்திகள், அந்த ஆளின் ஐடி, பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் போட்டோவை மட்டும் ‘ஆதாரம்’ என்று தம்பிக்கோ மாமாவுக்கோ அனுப்பிவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு 18 ஆகவில்லை என்பதால் அதுவே குற்றமாகிவிடும். இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். போன பணத்துக்கு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், தாமதித்தால் மீட்பது கஷ்டம். குழந்தைகள் உதவி எண் 1098. ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதன் டிஜிட்டல் கைரேகையை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை மட்டும் எடுத்து, திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுவார்கள்.

பெயர் கெடும் என்ற பயம் வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பையன் விஷயம் என்று யாராவது லேசாகப் பேசினால் விடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. கணவரிடமும் சொல்லிவிடுங்கள். ஆனால் மகன் பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள். அவர் முதல் ஐந்து நிமிடம் கத்துவார், அதை நீங்கள் மட்டும் கேட்டால் போதும்.

புகார் முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுங்கள், ராத்திரியில் மட்டும் ஹாலில் சார்ஜ் போடுவது என்ற ஏற்பாட்டோடு. ஊரில் அவனோடு சுற்றிய பையன்கள் யார் என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்தச் சனிக்கிழமை அவர்களில் ஒருவனைக் கோவைக்கு வரச் சொல்ல முடியுமா?