‘தி குட் வைஃப்’ ஏழாவது சீசனின் முதல் எபிசோட் ஏன் பலருக்குப் பிடிக்கவில்லை? அதில் வரும் ஜாமீன் கோர்ட் நிஜத்தில் அப்படித்தான் இருக்குமா?

ஏமாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த எபிசோடில் காட்டப்படும் ஜாமீன் நீதிமன்றம் மிகைப்படுத்தப்பட்டது என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையில் குற்றவியல் வழக்குகளை நடத்தி வருகிற வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: ஏழு சீசன்களிலும் உண்மைக்கு மிக நெருங்கி வந்த காட்சிகள் அவைதாம் என்பது என் கருத்து.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரில் அரசு வழக்கறிஞராக இருக்கும் கணவர் ஊழல் குற்றச்சாட்டிலும் பாலியல் விவகாரத்திலும் சிக்கிச் சிறைக்குப் போக, பதின்மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்த மனைவி அலிஷியா மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்புவதில் 2009-இல் தொடங்கிய தொடர் இது. கஜோல் நடித்து 2023-இல் வெளிவந்த இந்தி மறுஆக்கத்தைப் பார்த்துவிட்டு மூலத் தொடரைத் தேடிச் சென்றவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆறாவது சீசனில் அலிஷியா தன் கணவர் வகித்த அதே அரசு வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிட்டு வெல்கிறார். வாக்குப்பதிவில் முறைகேடு நடந்ததாக எழுந்த சர்ச்சையால் அந்தப் பதவியை விட்டுவிட வேண்டிய நிலை வருகிறது. 2015 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான ஏழாவது சீசனின் முதல் எபிசோடில், பெரிய நிறுவனங்கள் எதுவும் அருகில் சேர்க்காத நிலையில், வருமானத்துக்காக அவர் ஜாமீன் நீதிமன்றத்துக்குப் போய் நிற்கிறார்.

இந்த இடத்தில்தான் பார்வையாளர்கள் பிரிகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன முதல் குறை, அலிஷியாவை மறுபடியும் தொடக்கப் புள்ளிக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. முதல் சீசனில் ஜூனியராக வந்தவர், பிறகு பங்குதாரரானார், தனி நிறுவனம் தொடங்கினார், தேர்தலில் நின்று வென்றார்; அவருடன் ஆறு ஆண்டுகள் பயணம் செய்தவருக்கு, சேர்த்ததையெல்லாம் ஒரே அடியில் பறித்துவிட்டு “இனி இங்கிருந்து பார்” என்று சொன்னால் சலிப்பு வரத்தான் செய்யும். இரண்டாவது குறை ஆட்களின் இழப்பு. அலிஷியா வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தின் பங்குதாரர் வில் கார்ட்னர் ஐந்தாவது சீசனில் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டது 2014 மார்ச்சில். துப்பறிவாளர் கலிந்தா ஆறாவது சீசனோடு விடைபெற்றுவிட்டார். அவர்கள் இருவரும் இல்லாத ஒரு சீசனின் முதல் மணி நேரம் வெறிச்சென்று தோன்றுவது இயல்பு. எங்கள் அலுவலகத்து ஜூனியர் ஒருவர், கலிந்தா இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது நான் வாதாடவில்லை, ஏனென்றால் அது ரசனை சார்ந்த விஷயம்.

கணவர் பீட்டரின் தேர்தல் ஆலோசகர் ஈலையைக் கழற்றிவிட்டு ரூத் என்ற புதியவரைக் கொண்டுவரும் அரசியல் கிளைக்கதை பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்தது. இறந்துபோன ஒரு பெண்மணியின் வீட்டில் எந்தப் பொருள் யாருக்கு என்று ஒட்டியிருந்த சீட்டுகளில் ஒன்று, விலையுயர்ந்த ஓவியத்திலிருந்து விழுந்துவிட்டதால் எழும் சொத்து வழக்கைச் சிலர் அற்பமான கதை என்றார்கள். அது அற்பமானது அல்ல, ஆனால் நம் ஊரில் அந்த வழக்கு அந்த வடிவில் எழவே எழாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில் எழுதியவரின் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். ஒட்டிய சீட்டு உயிலாகாது.

இனி ஜாமீன் கோர்ட்டுக்கு வருகிறேன். அலிஷியா அங்கே சந்திப்பது வரிசையாக நிற்கும் வழக்குகளை. கைதானவரைக் கம்பிக்குப் பின்னால் பார்த்துப் பெயர், குற்றச்சாட்டு, வேலை, குடும்பம் ஆகியவற்றை அவசரமாகக் கேட்டுக்கொண்டு, உடனே நீதிபதி முன் நின்று சில வாக்கியங்கள் பேசி, அடுத்தவரிடம் ஓட வேண்டும். வழக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சொற்பமான கட்டணத்தை நம்பி நிற்கும் வழக்கறிஞர்கள் அவர்கள். நீதிபதியோ நீண்ட வாதத்தை விரும்பாதவர், பட்டியலை முடிப்பதிலேயே குறியாக இருப்பவர். “ஒரு மனிதனின் சுதந்திரத்தை இவ்வளவு வேகமாக முடிவு செய்வார்களா, நாடகத்துக்காகக் கூட்டிச் சொல்கிறார்கள்” என்று சட்டத் துறைக்கு வெளியே உள்ள நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். கூட்டிச் சொல்லவில்லை. கைதானவருக்கு மிகப் பெரிய விளைவை உண்டாக்கும் முடிவுதான் நீதித்துறையில் மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பதை இதற்கு முன் எந்தச் சட்டத் தொடரும் இவ்வளவு நேரடியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

நம் நாட்டு ரிமாண்ட் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அதனால் மருத்துவப் பரிசோதனை முடிந்து, மாலையிலோ இரவிலோ, விடுமுறை நாளென்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கேகூட, கைதானவரை அழைத்து வருவார்கள். காவல்துறை ஏதேனும் துன்புறுத்தியதா, வழக்கறிஞர் இருக்கிறாரா, உறவினருக்குத் தகவல் சொல்லப்பட்டதா என்ற கேள்விகள் முடிந்ததும், பெரும்பாலான வழக்குகளில் பதினைந்து நாள் காவலுக்கு உத்தரவாகிவிடும். இயந்திரத்தனமாகக் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும், ஏழு ஆண்டு வரை தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்பதற்கான காரணங்களை மாஜிஸ்திரேட் பார்த்துத் திருப்தியடைய வேண்டும் என்றும் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்வதற்கு அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு, அவருடைய வருமானம் எதுவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. அது தெரியாமலேயே ரிமாண்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எபிசோடில் நமக்கு அந்நியமாகத் தோன்றுவது பண விஷயம். அன்றைய இல்லினாய்ஸ் மாநில நடைமுறையில் நீதிபதி ஒரு தொகையை நிர்ணயிப்பார். பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கை ரொக்கமாகக் கட்டினால் வெளியே வரலாம், கட்ட முடியாதவர் உள்ளேயே இருக்க வேண்டும். நம் ஊரில் பொதுவாகக் கேட்பது ரொக்கம் அல்ல, ஜாமீன்தாரர். சென்னையில் ஜாமீன் உத்தரவு என்றால் குறிப்பிட்ட தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், பல வேளைகளில் அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற வகையில் இருக்கும். ஊரிலிருந்து தனியாக வந்து கட்டட வேலை பார்க்கும் ஒருவருக்கு இரத்த உறவினரை உடனே எங்கிருந்து கொண்டுவருவது? அந்த ஒரு வரியை நிறைவேற்ற முடியாமல், ஜாமீன் கிடைத்த பிறகும் புழல் சிறையிலேயே இருப்பவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம்.

இது இன்று நேற்று எழுந்த பிரச்சினை அல்ல. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்ததையும் நீதிபதி கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் விடுவிக்க உத்தரவிட்டார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தர முடியாதவரின் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் வழிகாட்டியது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த எபிசோடைப் பார்த்தால், அலிஷியாவின் பதவி இறக்கம் இரண்டாம் பட்சமாகி, கம்பிக்குப் பின்னால் நிற்பவர்களின் முகம் முன்னால் வரும்.

இல்லினாய்ஸ் அங்கேயே நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 18 முதல் ரொக்க ஜாமீனை முழுமையாக ஒழித்த முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். 2015-இல் தொடர் காட்டிய நடைமுறை இன்று சிகாகோவில் அந்த உருவில் இல்லை. எபிசோட் பழையதாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அதில் வரும் கோபம் ஆதாரமற்றதல்ல என்பதற்கு இதுவே போதுமான சான்று.

எபிசோடில் எனக்குப் போதாமல் பட்டது குடும்பங்கள். கேமரா வழக்கறிஞர்களின் ஓட்டத்தையே பின்தொடர்கிறது. கைதானவருக்காக வெளியே காத்திருப்பவர்கள் மேல் அது நிலைப்பதே இல்லை. எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ நீதிமன்ற வராந்தாவில் ஒரு மாலை நேரம் நின்றால், சாப்பாட்டுப் பொட்டலத்தையும் மாற்றுத் துணியையும் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் குமாஸ்தாக்களிடம் “எப்பங்க கூட்டிட்டு வருவாங்க?” என்று விசாரிக்கும் அம்மாக்களைப் பார்க்கலாம். ஒரு சட்டத் தொடர் ஜாமீனைப் பற்றிப் பேசும்போது அவர்கள் இல்லாமல் கதை முழுமை பெறுவதில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, புதிதாக அறிமுகமாகும் லூக்கா க்வின். கலிந்தாவின் இடத்தை நிரப்ப வந்தவர் என்று எடுத்துக்கொண்டு பலர் அவரை ஒதுக்கினார்கள். அவர் அந்த இடத்துக்கு வந்தவர் அல்லர். அந்த நீதிமன்றத்தின் வேகத்துக்குப் பழகி, எதைச் சொன்னால் நீதிபதி கேட்பார், எதைச் சொன்னால் கட்சிக்காரருக்கே பாதகமாகும் என்று அறிந்த வழக்கறிஞர் அவர். அப்படிப்பட்ட பெண் வழக்கறிஞர்கள் இங்கும் இருக்கிறார்கள். சீனியர் என்ற பட்டமோ பெரிய அலுவலகமோ இல்லாமல், ஒரு நாளில் பல மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுடைய திறமையைத் திறமையாகவே காட்டிய ஒரு பாத்திரம் என்பதால் லூக்காவை எனக்கு முதல் காட்சியிலிருந்தே பிடித்தது.

இந்த சீசன் மீது எனக்குள்ள உண்மையான குறை, முதல் எபிசோட் பற்றியது அல்ல. அது தொடங்கி வைத்ததைத் தொடர் விட்டுவிட்டது பற்றியது. சில வாரங்களில் ஜாமீன் நீதிமன்றம் பின்னுக்குப் போய், லூக்காவும் அலிஷியாவும் கூட்டாகத் தொழில் நடத்தத் தொடங்கி, கடைசியில் அலிஷியா பழைய பெரிய நிறுவனத்துக்கே திரும்பிவிடுகிறார். 2016 மே மாதம் தொடரும் முடிந்துவிட்டது. நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஆறாவது சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளை முதலில் பார்த்துவிட்டு இதைத் தொடங்குங்கள். அவர் ஏன் அந்த நீதிமன்றத்தில் வந்து நிற்கிறார் என்ற குழப்பம் இல்லாமல், அங்கே நடப்பதைக் கவனிக்க முடியும்.